கேள்வி–பதில்: மருந்து கொடுத்தும் முகடுகள் ஏன் குறையவில்லை?

கேள்வி: புற்றுநோய்ச் செல்களுக்கு இஇசட்எச்2 நொதியைத் தடுக்கும் மருந்தை ஏழு நாள் கொடுத்தேன். அந்த நொதி ஹிஸ்டோனில் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதம்) இடும் எச்3கே27மீ3 என்ற குறியின் பட்டை, புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் அந்தக் குறி டிஎன்ஏவில் எங்கெங்கே இருக்கிறது என்று ஆன்டிபாடியால் பிடித்துப் படிக்கும் சிப்-சீக் படத்தில், மருந்து கொடுத்த செல்களின் முகடுகளும் கொடுக்காத செல்களின் முகடுகளும் ஒன்றுபோலவே தெரிகின்றன. சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்கிறார் நெறியாளர். எங்கே தவறினேன்?
– ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: கொஞ்சம் பொறுங்கள் அம்மா. இதே முறையில் பத்துத் தடவை செய்தாலும் இதே படம்தான் வரும். உங்கள் கையில் பிழை இல்லை, கணக்கில் இருக்கிறது.

களத்தில் இரண்டு நெற்குவியல்கள் இருக்கின்றன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு மரக்கால் அள்ளுகிறீர்கள். மரக்காலைப் பார்த்து எது பெரிய குவியல் என்று சொல்ல முடியுமா? டிஎன்ஏ துண்டுகளைப் படிக்கும் சீக்குவென்சரும் அப்படித்தான் அள்ளுகிறது. ஆன்டிபாடி நிறையப் பிடித்து வந்தாலும் சொற்பமாகப் பிடித்து வந்தாலும், இரண்டு கோடித் துண்டுகளைப் படித்துக் கொடுத்துவிடும். மருந்து அந்தக் குறியை மரபணுத்தொகுதி முழுவதும் ஒரே விகிதத்தில் குறைத்திருந்தால், ஒவ்வோர் இடத்துக்கும் உரிய பங்கு மாறுவதில்லை. பத்து லட்சத்துக்கு இத்தனை என்று வகுக்கும்போது, நீங்கள் தேடிய குறைவே துடைத்தெறியப்படுகிறது.

அள்ளுவதற்கு முன் இரண்டு குவியலிலும் ஒரு படி கேழ்வரகைக் கலந்துவிடுங்கள். சிறிய குவியலின் மரக்காலில் கேழ்வரகு கூடுதலாக வரும். அதை எண்ணினால் குவியலின் அளவு தெரிந்துவிடும். எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவில் கலக்கும் வேற்று உயிரின் செல்கள், அதாவது ஸ்பைக்-இன் என்பது, இந்தக் கேழ்வரகுதான். 2014-இல் ஒர்லாண்டோ குழுவினர், டாட்1எல் நொதியைத் தடுத்த மனிதச் செல்களோடு பழ ஈயின் எஸ்2 செல்களைக் கலந்து, வழக்கமான கணக்கில் மறைந்துபோன, அந்த நொதி இடும் எச்3கே79மீ2 குறியின் குறைவை வெளியே கொண்டுவந்தார்கள். ஈயின் எச்3 ஹிஸ்டோன் நம்முடையதை ஏறக்குறைய அப்படியே ஒத்திருப்பதால், அதே ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும். டிஎன்ஏ வரிசையோ வெகுவாக வேறுபட்டது. எந்தத் துண்டு யாருடையது என்று பிரித்துவிடலாம். இரண்டு மரபணுத்தொகுதிகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பொருத்துங்கள், இரண்டிலும் பொருந்தும் துண்டுகளைத் தள்ளிவிடுங்கள்.

கணக்கை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். மருந்து கொடுக்காத மாதிரியில் மனிதத் துண்டுகள் 190 லட்சம், ஈயின் துண்டுகள் 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்: ஓர் ஈத் துண்டுக்கு 19. மருந்து கொடுத்ததில் 160 லட்சமும் 40 லட்சமும்: ஓர் ஈத் துண்டுக்கு 4. அதாவது குறி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. இந்த இடத்தில் மகிழ்ந்து நிறுத்திவிடாதீர்கள். ஆன்டிபாடியால் பிடிக்காமல் தனியே எடுத்துவைத்த பகுதியான இன்புட்டையும் படித்துப் பாருங்கள். அங்கே ஒரு மனிதத் துண்டுக்கு இத்தனை ஈத் துண்டு என்ற விகிதம் மருந்து மாதிரியில் இரண்டு மடங்காக இருந்தால், ஈயின் குரோமாட்டினை (டிஎன்ஏவும் ஹிஸ்டோனும் சேர்ந்தது) நீங்களே இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறீர்கள் என்று பொருள். 4 என்பது 8 ஆகும். மிச்சம் ஐந்தில் ஒரு பங்கு இல்லை, ஐந்தில் இரண்டு பங்கு.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஈக் குரோமாட்டின் குழாயை ஒருமுறை நான் நன்றாகக் கலக்காமல், மேலிருந்து உறிஞ்சி எட்டுக் குழாய்களில் வரிசையாக ஊற்றினேன். முதல் நான்கில் நீர்த்தும் கடைசி நான்கில் அடர்ந்தும் விழுந்தது. கடைசி நான்கும் மருந்து மாதிரிகள். மருந்தின் வீரியம் அற்புதமாகத் தெரிந்தது. இன்புட்டைப் படித்த அன்றுதான் அதில் பாதி என் பிப்பெட்டின் வேலை என்று புரிந்தது. அதற்குப் பிறகு மருந்து மாதிரிகளையும் மற்றவற்றையும் மாற்றி மாற்றித்தான் வரிசையில் வைக்கிறேன்.

எப்போது கலப்பது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். செல்களை எண்ணி, உடைப்பதற்கு முன்பே ஈயின் செல்களைச் சேர்த்தால் ஒரு செல்லுக்கு எவ்வளவு என்ற விடை கிடைக்கும். குரோமாட்டினை அளந்த பிறகு சேர்த்தால், அத்தனை டிஎன்ஏவுக்கு எவ்வளவு என்ற விடை. இரண்டும் சரிதான், ஒரே ஆய்வில் கலந்துவிடக் கூடாது. ஈயின் குரோமாட்டினை ஒரே தடவையில் மொத்தமாகத் தயாரித்து, சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள்.

இன்னும் ஒன்று, பலரும் விட்டுவிடுவது: ஈயின் படத்தையும் திறந்து பாருங்கள். ஈயின் உடல் பகுதிகளை வகுக்கும் பைதோராக்ஸ் மரபணுக்கூட்டத்தின் மேல் எச்3கே27மீ3 அகலமாகப் படர்ந்திருக்க வேண்டும், எல்லா மாதிரிகளிலும் ஒரே தோற்றத்தில். அங்கேயே அது கலைந்திருந்தால் அந்த மாதிரியை எந்தப் பெருக்கலாலும் காப்பாற்ற முடியாது.

கேள்வி: டிஎன்ஏவில் பிணைந்து மரபணுக்களை இயக்கும் படியெடுப்புக் காரணிகளுக்கும் ஸ்பைக்-இன் கட்டாயமா?
– இன்னொரு வாசகர்

பதில்: காரணி இடம் மட்டும் மாறுகிறது, மொத்தப் பிணைப்பு மாறவில்லை என்றால் வழக்கமான கணக்கே போதும். மொத்தமே மாறும் என்று சந்தேகித்தால் ஸ்பைக்-இன் சேர்த்துவிடுங்கள். உங்கள் ஆன்டிபாடி ஈயின் புரதத்தைப் பிடிக்காவிட்டால், ஈக்கே உரிய எச்2ஏவி ஹிஸ்டோனுக்கான ஆன்டிபாடியைச் சிறிதளவு கூடச் சேர்ப்பது ஒரு வழி. அந்த இரண்டாவது ஆன்டிபாடி நன்றாக வேலை செய்தது என்பதால் முதலாவதும் செய்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலாவதை, அது பிடிக்கும் என்று தெரிந்த ஓர் இடத்தில், கியூபிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டின் அளவை அளக்கும் சோதனை) வைத்துத் தனியே பார்த்துவிடுங்கள்.