பாஸ் மார்க் குறைவு என்றால் தேர்வு சுலபமா?

பெங்களூரு மாரத்தஹள்ளியிலிருந்து, சப்போர்ட் வேலையில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: குபெர்னெட்டிஸ் (பல கணினிகளில் மென்பொருளை ஓடவைத்து நிர்வகிக்கும் கருவி) நிர்வாகிகளுக்கான சிகேஏ சான்றிதழ் தேர்வுக்கு 66 சதவீதம் போதும், அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ்ஸின் சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் சான்றிதழ் தேர்வுக்கு 1000-க்கு 720 வேண்டும், அப்போ சிகேஏதானே சுலபம், அதற்கே பணம் கட்டிவிடவா?

அவசரப்படாதீர்கள் தம்பி. பாஸ் மார்க்கை வைத்து ஒரு தேர்வு எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவே முடியாது, பல நேரம் கேள்வி கடினமாக இருப்பதால்தான் பாஸ் மார்க்கே குறைந்திருக்கும். பல சான்றிதழ் தேர்வுகளில் ஆங்காஃப் என்றொரு முறை வைத்திருக்கிறார்கள். அந்தத் தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் சிலரை உட்காரவைத்து, வேலைக்குத் தேவையான அளவு மட்டும் தெரிந்த 100 பேர் இந்தக் கேள்வியை எழுதினால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள் என்று கேள்வி கேள்வியாகக் கேட்பார்கள். ஒன்றுக்கு 80 என்பார்கள், இன்னொன்றுக்கு 45 என்பார்கள். அந்தச் சராசரியிலிருந்துதான் பாஸ் மார்க் பிறக்கிறது.

அப்புறம் அந்த 720, அது 72 சதவீதம் இல்லை. அளவுகோலே 100-இல்தான் தொடங்குகிறது. 65 கேள்வியில் 15-க்கு மதிப்பெண்ணே கிடையாது, எந்தப் பதினைந்து என்றும் சொல்ல மாட்டார்கள். உங்களுக்கு வந்த கேள்வித்தாள் பக்கத்தில் இருப்பவருடையதைவிடக் கொஞ்சம் கடினம் என்றால், குறைவான சரி விடைக்கே அதே 720 வந்துவிடும், அந்த நியாயத்துக்காகத்தான் மதிப்பெண்ணை இப்படி மாற்றிக் கணக்கிடுகிறார்கள்.

சிகேஏ வேறு ரகம். விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லை, 2 மணி நேரம் டெர்மினலில் (கமாண்ட் தட்டும் திரையில்) உட்கார்ந்து நிஜ கிளஸ்டரில், அதாவது சேர்ந்து இயங்கும் கணினிக் கூட்டத்தில், வேலை செய்து காட்ட வேண்டும். ஒரு நோட் (அந்தக் கூட்டத்தில் ஒரு கணினி) 'நாட் ரெடி', அதாவது தயாரில்லை, என்று நிற்கும், நீங்கள் உள்ளே போய், அதில் ஓட வேண்டிய குபெலெட் என்ற குபெர்னெட்டிஸ் புரோகிராம் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடித்து ஓடவைக்க வேண்டும். குபெர்னெட்டிஸ் ஆவணங்களைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அங்கே போய்ப் படித்துக்கொண்டிருந்தால் நேரம் ஓடிவிடும். ஏடபிள்யூஎஸ்ஸில் தெரியாத கேள்விக்குக் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தட்டினாலும் மைனஸ் மார்க் கிடையாது, இங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. என்னைக் கேட்டால், லினக்ஸ் கமாண்ட் தினமும் கையில் புழங்காத ஒருவருக்கு இந்த 66-தான் பெரிய மலை.

அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, இரண்டு தேர்வின் பாடத்திட்டத்தையும் இறக்கி, அதில் எதை உங்கள் டீமில் இப்போதே செய்கிறீர்கள் என்று டிக் போட்டுப் பாருங்கள். டிக் அதிகம் விழுவது எதுவோ அதற்குக் கட்டுங்கள். சிகேஏ கட்டணத்தில் இன்னொரு முறை எழுதும் வாய்ப்பும் சேர்ந்தே வரும். ஏடபிள்யூஎஸ்ஸில் தவறினால் 14 நாள் காத்திருந்து மறுபடியும் கட்டணம் கட்ட வேண்டும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.