அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கலாமா?

தண்டையார்பேட்டையில் தனியாக இருக்கும் 78 வயது அம்மாவை இல்லத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அவரிடமே கேளுங்கள். பிள்ளைகள் கூடிப் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் சொல்வதுதான் பெரியவர்களை உடைத்துப் போடுகிறது.

அப்புறம் ராத்திரியை யோசியுங்கள். சமையலும் துணியும்தான் சிரமம் என்றால் வேலைக்கு ஓர் ஆள் போதும். இரவில் கழிவறைக்குப் போகையில் தடுமாறுகிறார், போட்ட மாத்திரையையே மறுபடி போடுகிறார், அடுப்பை அணைக்க மறக்கிறார் என்றால் தனியாக விடவே கூடாது.

இல்லத்தைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போங்கள், இரவுச் சாப்பாட்டு நேரத்தில். என் பெரியம்மாவுக்காக ஓர் இடம் பார்த்தோம். வரவேற்பறை பளபளவென்று இருந்தது. உள்ளே கட்டில் பக்கத்து அழைப்பு மணியை அழுத்தினேன், சத்தமே இல்லை. "அது ரொம்ப நாளா அப்படித்தான்பா" என்றார் பக்கத்துக் கட்டில் பாட்டி. அங்கே சேர்க்கவில்லை.

இரவில் எத்தனை பேருக்கு ஓர் ஆள், அவசரம் என்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு யார் கூட வருவார்கள், எல்லாம் கேளுங்கள். சாப்பாடும் முக்கியம். காசிமேட்டு மீனில் குழம்பு வைத்துப் பழகியவருக்கு, சைவம் மட்டும் போடும் இடத்தில் சோறு இறங்காது.

சந்தேகம் இருந்தால் முதியோர் உதவி எண் 14567, கட்டணமில்லை. ஒரு மாதம் தங்கிப் பார்க்க ஒத்துக்கொள்ளும் இல்லமாகத் தேடுங்கள். அந்த மாதத்தில் வீட்டைக் காலி செய்துவிடாதீர்கள்.