குளக்கட்டு உடைந்தால் சட்டப்படி யார் பொறுப்பு?

வன்னியில் வயல் செய்பவர் ஒருவர், குளம் உடைந்து பயிர் அழிந்தால் யாரிடம் இழப்பீடு கேட்பது என்று வினவியிருக்கிறார். முதலில் அந்தக் குளம் யாருடைய பராமரிப்பில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற பெருங்குளங்கள் வட மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் உள்ளன. 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயற்பரப்புக்கு நீர் தரும் சிறுகுளங்களை, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கமநல அபிவிருத்தித் திணைக்களம் கமக்காரர் அமைப்புகளோடு சேர்ந்து கவனிக்கிறது.

குளம் உடைந்தது என்பதாலேயே இழப்பீடு கிடைத்துவிடாது. இலங்கையில் இத்தகைய வழக்குகளுக்கு அடிப்படையான உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, பராமரிப்பவர் கவனயீனமாக இருந்தார் என்பதைப் பொதுவாக வழக்காளியே நிறுவ வேண்டும். மாரிமழை மிகையாகப் பெய்தது என்பதே எதிர்த்தரப்பின் முதல் வாதமாக இருக்கும் (அது சில வேளைகளில் உண்மையும்கூட). ஆகவே மழைக்கு முன்னரே கட்டின் நிலை எப்படி இருந்தது என்பதற்கான சான்றுதான் வழக்கின் உயிர். கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிவது பெரும்பாலும் இயல்பானது. அதே நீர் கலங்கலாக வரத் தொடங்கினால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். அதைத் திகதியுடன் படமெடுத்து, உரிய அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.



அரச ஊழியரின் கவனயீனத்துக்காக அரசின் மீது வழக்கிட 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் வழிவிடுகிறது. வழக்கிட ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்கைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.