தலையாட்டினால் சம்மதமா? – வாசகர் கேள்வி பதில்

சோழிங்கநல்லூர் வாசகர்: ஐ.டி. நிறுவனத்தில் வேலை. வீடியோ காலில் ஜெர்மன் வாடிக்கையாளர் பேசும்போது தலையாட்டிக்கொண்டே கேட்பேன். இப்போது, "வெள்ளிக்கிழமை முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டீர்களே" என்கிறார். நான் வாயே திறக்கவில்லை!

தவறு யார் மீதும் இல்லை. ஆனால் சரிசெய்வது உங்களுக்குத்தான் சுலபம். நம் ஊரில் தலையசைவு குறைந்தது நான்கு வகை. இரண்டு தோள் பக்கமும் மாறி மாறிச் சாய்த்தால் 'கேட்டுக்கிட்டிருக்கேன், மேலே சொல்லுங்க'. ஒரு பக்கமாக ஒருமுறை சாய்த்தால் 'சரி' அல்லது 'வா, போகலாம்'. மோவாயை வெடுக்கென்று தூக்கினால் 'என்ன?'. முகத்தை இடம் வலமாகத் திருப்பினால் 'இல்லை'. ஜெர்மனியிலோ மேலும் கீழும் ஆட்டினால் ஆம், இடம் வலமாக ஆட்டினால் இல்லை. நம் சாய்வுக்கு அங்கே பொருளே கிடையாது. அதனால் பார்ப்பவர் தமக்குத் தெரிந்த இரண்டில் ஒன்றாக அதை எடுத்துக்கொள்கிறார். (பல்கேரியாவில் அந்த இரண்டும் தலைகீழ். மேலும் கீழும் ஆட்டினால் அங்கே 'இல்லை'.)

இதற்காகத் தலையை அடக்கிக்கொண்டு சிலை மாதிரி உட்காராதீர்கள், அக்கறை இல்லாதவர் என்று நினைப்பார்கள். அசைவோடு வார்த்தையையும் சேருங்கள். கேட்கும்போது 'புரிகிறது', ஒப்புக்கொண்டால் 'சரி, செய்கிறோம்', யோசிக்க வேண்டுமானால் 'டீமிடம் பேசிவிட்டு நாளை சொல்கிறேன்'. இந்த மூன்றும் கலந்துவிடக் கூடாது. தேதியோ தொகையோ பேச்சில் வந்தால் கால் முடியும்போது வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். அன்றே மெயிலிலும் அனுப்பிவிடுங்கள்.

கேமராவையும் கவனியுங்கள். லேப்டாப் மேசைமேல் அப்படியே இருந்தால், நீங்கள் எதிராளியை மேலிருந்து பார்ப்பது போலிருக்கும். அடியில் தடித்த புத்தகங்களை வைத்து, கேமராவைக் கண் மட்டத்துக்கு ஏற்றுங்கள். ஒரு கை நீளம் தள்ளி உட்கார்ந்தால் மார்பு வரை தெரியும், கையசைவும் படத்துக்குள் வரும். அவர் முகம் தெரியும் கட்டத்தைக் கேமராவுக்கு நேர் கீழே இழுத்து வையுங்கள். அது திரையின் ஓரத்தில் இருந்தால், நீங்கள் அவரைப் பார்த்தே பேசினாலும் வேறெங்கோ பார்ப்பதாகத்தான் அவருக்குத் தெரியும்.

வேளச்சேரி வாசகி: கல்லூரிக்குப் போகும் மகன் என் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. பொய் சொல்கிறானோ?

அதை வைத்து முடிவு கட்டாதீர்கள், அம்மா. பொய்யை முகம் பார்த்துக் கண்டுபிடிப்பதில் மனிதர்கள் மிகவும் பலவீனமானவர்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் பாண்ட், டிபாலோ என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கின்படி, சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறார்கள். நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல். தேர்ந்த பொய்யர் கண்ணை நேராகவே பார்ப்பார். தவிர, பெரியவர்கள் முன் பார்வையைத் தாழ்த்துவது நம் வீடுகளில் மரியாதை. வெட்கம், பயம், தூக்கமின்மை எதுவாலும் கண் தாழும்.

கவனிக்க வேண்டியது மாற்றத்தை. முன்பு பார்த்துப் பேசியவன் இப்போது தவிர்க்கிறானா? எந்தப் பேச்சு வந்தால் தவிர்க்கிறான்? எதிரே உட்காரவைத்து விசாரித்தால் இன்னும் மூடிக்கொள்வான். வண்டியில் போகும்போதோ, பக்கத்தில் நின்று காய் நறுக்கும்போதோ கேளுங்கள். 'ஆமா, இல்லை' என்று முடித்துவிட முடியாத கேள்வியாகக் கேளுங்கள். கேட்ட பிறகு நீங்கள் மௌனமாக இருங்கள். கஷ்டம்தான், ஆனால் அங்கேதான் பிள்ளைகள் பேசத் தொடங்குவார்கள்.

பெரம்பூர் வாசகர்: பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதமே பங்கு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55 என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

அப்படிச் சொல்வது தவறு. உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களைப் பல குரல்தொனியில் கேட்கவைத்து, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார். வார்த்தையும் தொனியும் முரண்படும்போது எதை நம்புகிறோம் என்பதே கேள்வி. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் இதை நம்பி, பதிலைத் தயாரிக்காமல் கண்ணாடி முன் மட்டும் பயிற்சி எடுத்து ஏமாற வேண்டாம்.

அண்ணா நகர் வாசகி: எங்கள் அபார்ட்மென்டில் குடிவந்திருக்கும் அமெரிக்கப் பெண்மணி, நான் பேசப் பேசப் பின்னால் நகர்கிறார்.

உங்களைப் பிடிக்காமல் இல்லை. அமெரிக்காவில் மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966இல் எழுதிய அளவுகளின்படி, பேசும்போது விடும் இடைவெளி நெருங்கிய நண்பர்களுக்கு சுமார் 45 செ.மீ. முதல் 1.2 மீட்டர், அறிமுகமானவர்களுக்கு அதற்கும் மேல். அதாவது உங்கள் வராந்தாவின் இரண்டடி டைல்ஸ் என்றால் இரண்டு டைல்ஸ் தள்ளி. அவர் நகர்ந்தால் நீங்கள் பின்தொடராமல் நில்லுங்கள், அவரும் நின்றுவிடுவார். லிஃப்டுக்குள் புன்னகை போதும், பேச்சை வெளியே வந்து தொடருங்கள்.

தி. நகர் வாசகர்: வியாபாரமாக ஜப்பான் போகிறேன். கட்டாயம் தெரிய வேண்டியது?

விசிட்டிங் கார்டு. எழுத்து அவரைப் பார்த்திருக்கும்படி இரு கைகளாலும் கொடுங்கள், அப்படியே வாங்குங்கள், நின்று படியுங்கள். பேச்சு முடியும்வரை மேசைமேல் இருக்கட்டும். பின்பாக்கெட்டில் திணிப்பதும், அதன்மேல் குறிப்பு எழுதுவதும் அவமதிப்பு.