25 பாண்ட் படங்களையும் மறுபடி பார்த்தாச்சு, கேளுங்கள்

டாக்டர் நோ (1962) தொடங்கி நோ டைம் டு டை (2021) வரை, இயான் நிறுவனம் எடுத்த 25 ஜேம்ஸ் பாண்ட் படங்களையும் வெளிவந்த வரிசையிலேயே மறுபடி பார்த்து முடித்துத் தரவரிசை போட்டிருக்கிறேன். முதல் ஐந்து: ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ், ஃப்ரம் ரஷ்யா வித் லவ், கேசினோ ராயல், தி லிவிங் டேலைட்ஸ், தி ஸ்பை ஹூ லவ்ட் மி. கடைசி இடம் டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர். கேள்விகள் வரட்டும். ஒரே வேண்டுகோள், பள்ளிக்கூட நாளில் பார்த்த ஞாபகத்தை வைத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

செகண்ட் ஷோ சேகர்: கோல்ட்ஃபிங்கர் முதல் ஐந்தில் இல்லையா? விளையாடுறீங்களா சார்?

நானும் இரண்டாவது மூன்றாவது இடத்தில் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். ஞாபகத்தில் அந்தப் படம் முழுக்கத் தங்கம் பூசிய பெண், தொப்பியை வீசும் அடியாள் ஆட்ஜாப், ஆஸ்டன் மார்ட்டின் காரில் ஆளைத் தூக்கி வெளியே எறியும் இருக்கை. எல்லாம் அருமைதான், கென் ஆடம் போட்ட ஃபோர்ட் நாக்ஸ் செட் இன்றைக்கும் வாய்பிளக்க வைக்கும். ஆனால் உட்கார்ந்து பாருங்கள், பாதிப் படத்துக்கு மேல் பாண்ட் கைதியாகவே இருக்கிறார். திட்டத்தைக் கேட்கிறார், தப்பிக்கிறார், மாட்டுகிறார். கடைசியில் அணுகுண்டை நிறுத்துவதும் அவர் இல்லை, யாரோ ஒரு நிபுணர் ஓடிவந்து ஒரு சுவிட்சைத் தட்டுகிறார், எண் 007-ல் நிற்கிறது. அப்புறம் அந்த லாயக் காட்சி, வேண்டாம் என்று தள்ளும் பெண்ணைக் கட்டாயப்படுத்துவதைக் காதல் மாதிரி காட்டுவது, இப்போது பார்க்கவே முடியவில்லை. எட்டாவது இடம் கொடுத்திருக்கிறேன், அதுவே தாராளம்.

மைலாப்பூர் மது: புதிதாகப் பார்ப்பவர்கள் எந்த வரிசையில் பார்க்கலாம்? கதை வரிசையா, வெளிவந்த வரிசையா?

வெளிவந்த வரிசை. கதை வரிசை தேடிப் போனால் தலைவலிதான் மிச்சம். யூ ஒன்லி லிவ் ட்வைஸில் (1967) வில்லன் ப்ளோஃபெல்டும் பாண்டும் நேருக்கு நேர் பேசுகிறார்கள். அடுத்து வந்த ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸில் (1969) பாண்ட் வெறும் கண்ணாடியும் குடும்ப வரலாறு ஆராய்ச்சியாளர் வேஷமும் போட்டுக்கொண்டு போய் நிற்கிறார், ப்ளோஃபெல்டுக்கு அடையாளமே தெரியவில்லை! காரணம், நாவலில் இரண்டாவதாக வருவதைப் படத்தில் முதலில் எடுத்துவிட்டார்கள்.

ஒரு இடத்தில் மட்டும் நான் சொல்வதைக் கேளுங்கள். கேசினோ ராயலையும் (2006) குவாண்டம் ஆஃப் சோலஸையும் (2008) ஒரே மூச்சில் பாருங்கள். குவாண்டத்தைத் தனியாகப் பார்த்தால் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தின் நடுவே அரைகுறைத் திரைக்கதையோடு எடுத்த படம் என்பது அப்பட்டமாகத் தெரியும். 106 நிமிடம், வரிசையிலேயே குட்டிப் படம். ஆனால் முதல் படம் முடிந்த சூட்டோடு பார்க்கும்போது அது செத்துப்போன காதலி வெஸ்பருக்காகத் துக்கம் காக்கும் ஒருவனின் கதையாக ஓடுகிறது. என் பட்டியலில் 22-லிருந்து 13-க்கு ஏறிவிட்டது.

ராக்கி: அடுத்த பாண்ட் யார் அண்ணா?

2025 தொடக்கத்தில் படைப்பு உரிமை அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனது, தயாரிப்பாளர்கள் பார்பரா ப்ராக்கலியும் மைக்கேல் வில்சனும் ஒதுங்கிக்கொண்டார்கள். அதே ஆண்டு டெனி வில்நௌவ் இயக்குவார் என்று அறிவித்தார்கள். நடிகர் பெயரை ஊகித்து விளையாடும் ஆட்டத்துக்கு நான் வரவில்லை. இது ஏற்கெனவே எடுத்த படங்களைப் பற்றிய கேள்வி பதில்.

தேனி வாசகர்: லேசன்பி பாண்டாக நடித்த ஒரே படம் ஆன் ஹெர் மெஜஸ்டிஸ், அதற்கு முதலிடமா? அவர் நடிப்பே மரக்கட்டை மாதிரி இருக்குமே. கோனரி நடித்திருந்தால் ஒத்துக்கொள்ளலாம்.

கோனரி நடித்திருந்தால் அந்தப் படமே கெட்டுப்போயிருக்கும். லேசன்பி நடிப்பு அனுபவமே இல்லாத ஆஸ்திரேலிய மாடல், அதில் சந்தேகமில்லை. சர் ஹிலரி என்ற அந்த ஆராய்ச்சியாளர் வேஷத்தில் அவர் பேசுவதுகூட வேறொரு நடிகரின் குரல்தான். ஆனால் அவருக்குப் பயப்படத் தெரிகிறது. பனிச்சறுக்கில் துரத்தல் முடிந்து, ஊர்த் திருவிழாக் கூட்டத்துக்குள் வந்து ஒளிகிறார் பாருங்கள். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து, ஸ்கேட்டிங் களத்தின் ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார். பனிக்கரடி வேஷம் போட்ட ஒருவன் வந்து ஃப்ளாஷ் அடிக்க, தூக்கிவாரிப் போடுகிறது. அதற்கு மேல் ஓட உடம்பில் தெம்பில்லை, வழியும் இல்லை. அப்போது இரண்டு ஸ்கேட்டிங் காலணிகள் முன்னால் வந்து நிற்கின்றன. நிமிர்ந்து பார்த்தால், அவர் பின்னால் மணக்கப்போகும் டிரேசி. கோனரியின் பாண்ட் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் எப்படித் தப்பிப்பார் என்றுதான் யோசித்திருப்போம், தப்பிப்பாரா என்று ஒரு நொடிகூட யோசித்திருக்க மாட்டோம்.

இயக்குநர் பீட்டர் ஹன்ட் அதற்கு முன்பு இதே படங்களின் எடிட்டர், சண்டையை வெட்டும் வேகத்திலேயே அது தெரியும். டிரேசியாக டயானா ரிக், ஜான் பேரியின் இசை, லூயி ஆம்ஸ்ட்ராங் பாட்டு. அப்புறம் அந்த முடிவு. டயமண்ட்ஸ் ஏன் கடைசி என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். மனைவி சுடப்பட்டுச் செத்த படம் முடிந்து அடுத்ததைப் போட்டால், 12.5 லட்சம் டாலர் சம்பளத்துக்குத் திரும்பி வந்த கோனரி, எதுவுமே நடக்காத மாதிரி லாஸ் வேகாஸில் ஜோக் அடித்துக்கொண்டிருக்கிறார்.

ஜீரோ ஜீரோ குமார்: சார், லேசன்பியே முதல் காட்சியில் "அந்த ஆளுக்கு இப்படியெல்லாம் நடந்ததே இல்லை" என்கிறாரே! அப்போ ஜேம்ஸ் பாண்ட் என்பது ஒரு ரகசியப் பெயர்தானே? ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் அதே பெயரைக் கொடுக்கிறார்கள். நடிகர் மாறுவதற்கு இதுதான் விளக்கம்.

வந்துவிட்டதா! அது கேமராவைப் பார்த்துச் சொன்ன ஒரு ஜோக். அதே படத்தில் பாண்ட் ராஜினாமா செய்யப்போகிறேன் என்று மேஜை டிராயரைத் திறக்கிறார். உள்ளே என்ன? டாக்டர் நோவில் நாயகி ஹனி இடுப்பில் செருகியிருந்த கத்தி, ஃப்ரம் ரஷ்யாவில் கொலையாளி கிராண்ட் கழுத்தை நெரிக்கக் கம்பி ஒளித்திருந்த கைக்கடிகாரம், தண்டர்பாலில் தண்ணீருக்கடியில் மூச்சுவிட்ட கருவி. ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அந்தந்தப் படத்தின் இசை ஒலிக்கிறது. வேறொருவனின் நினைவுப்பொருளை யாராவது இப்படித் தடவிப் பார்ப்பார்களா?

ஜீரோ ஜீரோ குமார்: அலுவலக மேஜை, முந்தைய ஆள் விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

சரி. டிரேசி லேசன்பியின் மனைவி. 1977-ல் தி ஸ்பை ஹூ லவ்ட் மியில் ரஷ்ய உளவாளி அன்யா, ஒரே முறை திருமணம், மனைவி கொல்லப்பட்டாள் என்று ஆரம்பிக்கும்போதே ரோஜர் மூர் முகம் மாறி, பேச்சை வெட்டுகிறார். 1981-ல் ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி தொடங்குவதே மூர் கல்லறையில் பூ வைப்பதில்தான். கல்லில் தெரேசா பாண்ட், 1943–1969 என்று இருக்கிறது. 1989-ல் லைசென்ஸ் டு கில்லில் டால்டனின் பாண்டைப் பற்றி நண்பர் ஃபீலிக்ஸ், அவனுக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது என்கிறார். மூன்று நடிகர்களுக்கும் ஒரே மனைவி.

பரங்கிமலை ஜோதி: குமார் சொல்வதில் நியாயம் இருக்கிறது சார். பெயரோடு சேர்த்துக் கதையையும் கொடுத்திருக்கலாமே. கல்லறையும் அந்த நாடகத்தில் ஒரு பகுதி.

பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லாத கல்லறையில், போலி மனைவிக்குப் பூ வாங்கிக்கொண்டு போகும் உளவாளியா? அந்தப் பூவுக்கு பிரிட்டிஷ் உளவுத்துறை எம்ஐ6-ல் பில் போட்டிருப்பாரோ?

தேனி வாசகர்: நான் லேசன்பியை மன்னித்துவிட்டேன், ஆனால் டேனியல் கிரேக் 2006-ல் புதிதாக, கொல்ல அனுமதி தரும் 00 உரிமம் வாங்குகிறாரே? பாண்டின் மேலதிகாரி எம் ஆக முந்தைய படங்களில் நடித்த அதே ஜூடி டென்ச் வேறு.

கேசினோ ராயலில் கதையை அடியிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். டென்ச் நன்றாக நடித்தார், வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். உங்கள் கட்சிக்கு இருக்கும் ஒரே நல்ல ஆயுதத்தை நீங்கள் யாரும் எடுக்கவில்லை, நானே தருகிறேன். கிரேக் கேசினோ ராயலில் சீட்டாட்டத்தில் ஜெயித்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காருக்கு இடது பக்கம் ஸ்டீயரிங். ஸ்கைஃபாலில் (2012) அவர் வெளியே எடுக்கும் டிபி5-க்கு வலது பக்கம் ஸ்டீயரிங், துப்பாக்கி, கோல்ட்ஃபிங்கர் கார் நம்பர் எல்லாமே இருக்கிறது. கதைப்படி அதற்கு விளக்கமே கிடையாது. 50 ஆண்டு கொண்டாட்டத்துக்கு ரசிகர்களுக்குக் கொடுத்த மிட்டாய்.

ஆனால் அதே ஸ்கைஃபாலில் ஸ்காட்லாந்தில் சொந்த வீடு, ஆண்ட்ரூ பாண்ட், மோனிக் டெலக்ரா பாண்ட் என்று அப்பா அம்மா கல்லறை, சின்னப் பையனாகப் பார்த்த கின்கேட் கிழவர். கின்கேடும் ரகசியப் பெயரா? நோ டைம் டு டையில் பாண்ட் ஓய்வு பெற்றதும் 007 என்ற எண் நோமி என்ற இன்னொரு உளவாளிக்குப் போகிறது. அவள் பெயர் நோமியாகவேதான் இருக்கிறது. மாறுவது எண் மட்டும், பெயர் இல்லை. இந்த வழக்கு முடிந்தது. இனி ரகசியப் பெயர் என்று வரும் கேள்விகளைப் பார்க்காமலே தாண்டிவிடுவேன்.

உதயன்: நெவர் சே நெவர் அகெயின் பட்டியலில் விட்டுப்போச்சே?

விட்டுப்போகவில்லை, விட்டேன். இயான் படம் இல்லை. தண்டர்பால் கதையின் உரிமை வழக்கில் கெவின் மெக்ளோரிக்குக் கிடைத்தது, அதை வைத்து 1983-ல் கோனரியைக் கொண்டுவந்து அதே கதையை மறுபடி எடுத்தார்கள். வேறு கடைச் சரக்கு.

வேலூர் விக்கி: ஆக்டோபஸி பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே. நம்ம விஜய் அமிர்தராஜ் நடித்த படம்!

16-வது இடம். ஹெலிகாப்டரில் தாஜ்மகாலைக் காட்டி அடுத்த காட்சியில் உதய்ப்பூரில் இறக்குவது, பாம்பாட்டி, மூர் காட்டில் மரக்கொடியைப் பிடித்துத் தாவும்போது டார்ஜன் கூச்சல், ஜெயித்த பணத்தைக் கொடுத்து இது சில வாரம் குழம்புக்கு ஆகும் என்கிற வசனம். இதையெல்லாம் பல்லைக் கடித்துத் தாண்ட வேண்டும். நம்ம சென்னைக்காரர் ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விளாச, சுற்றி நிற்கும் கூட்டம் மேட்ச் பார்ப்பது போல் இடமும் வலமும் தலையைத் திருப்புகிறது. அபத்தம்தான், ஆனால் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுகிறேன். இத்தனைக்கும் கடைசியில் ஜெர்மனியில் கோமாளி வேஷத்தோடு மூர், குண்டு வெடிக்கப்போகிறது என்று கதற, கூட்டம் வித்தை என்று நினைத்துச் சிரிக்கும் காட்சி ஒன்று வருகிறது. மூர் நடித்த ஏழு படங்களிலும் அந்த அளவுக்குப் பதறவைத்த இடம் எனக்கு வேறில்லை. ஞாபகத்தில் வைத்திருந்த படம் ஒன்று, இருக்கும் படம் இன்னொன்று. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், மறுபடி பார்த்துவிட்டு மார்க் போடுங்கள்.

அன்பு: அடுத்த பாண்ட் யாராக இருந்தால் நல்லா இருக்கும்?

மேலே ராக்கிக்குச் சொன்னதுதான்.

சிவகாசி சிவா: நம்ம தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் ஜெய்சங்கர் படங்களுக்கும் தரவரிசை போடுங்களேன்.

வல்லவன் ஒருவன், சிஐடி சங்கர் இரண்டையும் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். இங்கே கலந்தால் இரண்டுக்கும் நியாயமில்லை.

மைலாப்பூர் மது: மறுபடி பார்த்ததில் அதிகமாகக் கோபம் வந்த இடம்?

தி மேன் வித் தி கோல்டன் கன் (1974). உடைந்த பாலத்தின் மேல் கார் ஓடிவந்து, ஆற்றுக்கு மேலே அந்தரத்தில் ஒரு முழுச் சுற்று சுழன்று, அந்தக் கரையில் நாலு சக்கரத்திலும் இறங்குகிறது. கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, ஒரே டேக்கில், நிஜமான காரில் நிஜமான மனிதர் செய்தது. அதற்கு மேலே கார்ட்டூன் மாதிரி ஒரு விசில் சத்தத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், வரிசையிலேயே முதல் மூன்று ஸ்டண்டில் ஒன்று.

பரங்கிமலை ஜோதி: சார், ரகசியப் பெயர் விஷயத்தில் இன்னும் ஒரே ஒரு சந்தேகம்...

தாண்டிவிட்டேன்.

குட்டி அப்பா: பத்து வயசுப் பையனுக்கு முதல் பாண்ட் படம் எது காட்டலாம்?

தி ஸ்பை ஹூ லவ்ட் மி. மலை விளிம்பிலிருந்து பனிச்சறுக்கில் பாய்ந்து, கீழே விழுந்துகொண்டே இருந்து, கடைசியில் பிரிட்டிஷ் கொடி போட்ட பாராசூட் விரியும் பாருங்கள், அதற்கே பையன் விழுந்துவிடுவான். அப்புறம் கடலுக்குள் போகும் லோட்டஸ் கார், இரும்புப் பல் ஜாஸ். ஒன்றிரண்டு இடத்தில் தண்ணீர் எடுத்து வா என்று அனுப்பிவிடுங்கள். கேசினோ ராயலை மட்டும் இப்போது போடாதீர்கள், பாண்டை நாற்காலியில் கட்டிவைத்துச் சித்திரவதை செய்யும் காட்சி வரும்போது ரிமோட் கையில் அகப்படாது.