வெயிலைத் தவிர்த்தால் எலும்பு தேயுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 71. மூக்கின் மேல் நெடுநாள் ஆறாதிருந்த சிறு புண், ‘பேசல் செல் கார்சினோமா’ என்னும் தோல் புற்றுநோய் என்று கண்டறியப்பட்டு, சென்ற ஆண்டு அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்டது. வெயிலில் செல்ல வேண்டாம் என்று மருத்துவர் கூறியதிலிருந்து அவர் வாசற்படியையே தாண்டுவதில்லை. வைட்டமின் டி குறைந்து எலும்பு தேய்ந்துவிடும் என்று உறவினர்கள் சொல்வதால், காலையில் மட்டும் கண்ணாடி ஜன்னலருகே அமர்கிறார். இது போதுமா? சன்ஸ்கிரீன் பூசினாலும் எலும்புக்குக் கேடு என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: உங்கள் தாயார் தவிர்க்க வேண்டியது வெயிலை மட்டுமே, நடமாட்டத்தை அன்று. எனக்கு அதிகக் கவலை தருவது அவர் வீட்டுக்குள்ளேயே முடங்கியிருப்பதுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜன்னலருகே அமர்வதால் பயனில்லை. தோலில் வைட்டமின் டி உருவாகக் காரணமான புற ஊதா ‘பி’ கதிர்களைச் சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடுகிறது. தோலின் ஆழம்வரை சென்று கேடு செய்யும் ‘ஏ’ கதிர்களில் பெரும்பகுதியையோ உள்ளே விட்டுவிடுகிறது. ஜன்னலைத் திறந்துவைத்தாலும், சூரியன் தாழ்ந்திருக்கும் அதிகாலையில் ‘பி’ கதிர்கள் காற்றுமண்டலத்தைச் சாய்வாகக் கடந்து வருவதால், அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடுகின்றன. அவை வலுவாக இருப்பது நண்பகலை ஒட்டிய நேரத்தில். தோல் செல்களின் டிஎன்ஏவுக்கு நேரும் சேதமும் அப்போதுதான் மிகுதி. இரண்டையும் செய்வது ஒரே கதிர் என்பதால், நன்மையை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ள வழியில்லை. மேலும், வயது ஏற ஏறத் தோலின் வைட்டமின் தயாரிக்கும் திறன் வெகுவாகக் குறைகிறது. ஒருமுறை இந்நோய் வந்தவருக்கு வேறோர் இடத்தில் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் எண்ணிப் பார்த்தால், வைட்டமினுக்காக அவர் வெயிலில் நிற்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

உறவினர்களின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. வைட்டமின் டி குறைந்தால், உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரிவர உறிஞ்சாது; ரத்தத்தில் கால்சியம் இறங்கிவிடாதிருக்க, பாராதைராய்டு ஹார்மோன் மிகுதியாகச் சுரந்து எலும்பிலிருந்து அதை எடுக்கச் செய்யும். ஆனால் இந்த வைட்டமினை வாய்வழியாகவும் பெறலாம். முதலில் ‘25 ஹைட்ராக்சி வைட்டமின் டி’ ரத்தப் பரிசோதனையையும், இந்த வயதில் அவசியமான ‘டெக்ஸா’ எலும்பு அடர்த்திப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். ரத்தத்தில் இந்த வைட்டமின் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருந்தால் பெரும்பாலோருக்கு எலும்பைப் பொறுத்தவரை போதுமானது. 70 வயதைக் கடந்தவருக்கு நாளொன்றுக்கு 800 யூனிட் வைட்டமின் டியும், உணவையும் சேர்த்து 1,200 மில்லிகிராம் கால்சியமும் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு. குறைபாடு இருந்தால், வாரம் ஒன்றாக உட்கொள்ள வேண்டிய கூடுதல் அளவு மாத்திரையை மருத்துவர் எழுதித் தரலாம். அதை நாள்தோறும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் மனக்குழப்பமும் சிறுநீரகப் பாதிப்பும் நேரலாம் என்பதால், தயவுசெய்து மாத்திரையை நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள்.

இனி, மாத்திரையால் ஈடுசெய்ய முடியாத விஷயத்துக்கு வருகிறேன். தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பவே எலும்பு தன்னை வலுவாக வைத்துக்கொள்கிறது. நாள் முழுதும் நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு எலும்போடு தொடைத் தசையும் மெலிகிறது, கால் தடுமாறுகிறது. முதியவர்களின் இடுப்பெலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை கீழே விழுவதால் ஏற்படுபவையே. ஆகவே சூரியன் எழும் முன்போ மறைந்த பிறகோ, வெளிச்சமுள்ள சமதரையில், துணையோடு அவரை அன்றாடம் நடக்கவிடுங்கள். பகலில் வெளியே செல்ல நேர்ந்தால் முழுக்கைச் சட்டையும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் அணியட்டும்.

சன்ஸ்கிரீனைப் பற்றிய அச்சம் பெரும்பாலும் மிகையானது. எஸ்பிஎஃப் (வெயில் தடுப்புத் திறனைக் குறிக்கும் எண்) 30 உள்ள களிம்பு ஆய்வகத்தில் ‘பி’ கதிர்களில் சுமார் 97 விழுக்காட்டைத் தடுக்கிறது என்றாலும், நாம் பூசும் தடிமன் ஆய்வகத்தில் பூசப்படுவதைவிட மிகக் குறைவு; ஆகவே ஓரளவு கதிர் தோலை எட்டவே செய்கிறது. வெயிலிலிருந்து தம்மைக் காத்துக்கொள்பவர்களுக்கு எலும்பு அடர்த்தி குறையவோ முறிவு கூடவோ இல்லை என்று அமெரிக்காவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அது பொதுமக்களைப் பற்றியது என்பதால், உங்கள் தாயாருக்குப் பரிசோதனை தேவையில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். களிம்பைப் பூசும்போது காது மடலும் பிடரியும் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் மறப்பது அவ்விடங்களைத்தான்.