எதிராளி முழுதாக இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மாவட்ட அளவிலான இறகுப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் என் மகள் தோற்றுவிட்டாள். மேடையிலிருந்து இறங்குவதற்குள் வெள்ளிப் பதக்கத்தைக் கழற்றிவிட்டாள் என்று எல்லோரும் அவளைத் திட்டினார்கள். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீராங்கனை ஜோசலின் லரோக்கும் இப்படித்தான் கழற்றினார். மனதில் இருப்பதை மறைக்காமல் காட்டுவது நேர்மை அல்லவா? தோற்றபின் சிரிப்பது நடிப்புத்தானே? 2006 டுரின் ஒலிம்பிக்கில் கனடா பனிச்சறுக்கு வீராங்கனைக்கு ஊன்றுகோல் கொடுத்துவிட்டுத் தன் நாட்டுக்குப் பதக்கம் கிடைக்காமல் செய்த நார்வே பயிற்சியாளரை உலகமே புகழ்கிறது. அது ஏமாளித்தனமாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

மு., கரூர்

அன்புள்ள மு.,

உங்கள் மகளைத் திட்டியவர்களோடு நான் சேரமாட்டேன். இறுதியாட்டத்தில் தோற்ற குழந்தைக்கு அந்த நேரத்தில் கழுத்தில் எது கிடந்தாலும் கனக்கத்தான் செய்யும். கொஞ்ச நாள் அவளை அவள் போக்கில் விடுங்கள். லரோக்கைப் பற்றியும் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொடர்ந்து நான்கு ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த மகளிர் ஐஸ் ஹாக்கி அணி, அமெரிக்காவிடம் பெனால்டி ஷாட்டுகளில் தோற்ற கையோடு நடந்தது அது. பிறகு அவர் மன்னிப்புக் கேட்டார். 2022இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். அதை அத்தோடு விடலாம்.

எனக்குக் கோபம் வந்தது வேறொன்றில். உங்கள் கடிதத்தில் உங்கள் மகளை வென்ற பெண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவள் எப்படி ஆடினாள், எந்த அடியில் உங்கள் மகள் தடுமாறினாள் என்பதெல்லாம் உங்கள் கண்ணில் படவே இல்லையா? மேடையில் சிரிப்பதும் அழுவதும் ஆட்டம் முடிந்தபின் நடப்பவை. ஒருவருடைய குணம் தெரிவது ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, எதிராளி குறைபட்டுப் போகும் வாய்ப்பு தானாகவே வந்து வாய்க்கும்போது.

அதே பியோங்சாங்கில் 500 மீட்டர் வேகச் சறுக்கு ஓட்டத்தில் ஜப்பானின் நாவோ கோடைரா, போட்டி முடிந்தபின் அழுதுகொண்டிருந்த கொரியாவின் லீ சாங்-ஹ்வாவை அணைத்துக்கொண்ட படம் உலகம் முழுக்கப் பரவியது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது சற்று முன்னால் நடந்தது. கோடைரா 36.94 விநாடியில் ஒலிம்பிக் சாதனையோடு வந்து நின்றதும் அரங்கில் ஆரவாரம் எழுந்தது. அடுத்த இணையில் லீ ஓட வேண்டும். துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்து நிற்க வேண்டியவர் அவர். கோடைரா தன் உதட்டில் விரலை வைத்து, தனக்கு எழுந்த ஆரவாரத்தைத் தானே அடக்கினார். தன் நேரத்தை முறியடிக்கக்கூடிய ஒருவர், அதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்கிலும் இதே ஓட்டத்தில் தங்கம் வென்றவர், குறைவின்றி ஓடட்டும் என்றுதான் அதைச் செய்தார். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

நார்வேக்காரரின் கதையும் இதுதான். பெண்களுக்கான பனிச்சறுக்கு அணி ஓட்டத்தில் கனடாவின் சாரா ரென்னருடைய ஊன்றுகோல்களில் ஒன்று முறிந்துவிட்டது. ஒற்றைக் கோலோடு அவர் மேட்டில் திணறியபோது, தடத்தோரம் நின்ற பியோர்னர் ஹோகன்ஸ்மோன் தன் கையிலிருந்த கோலை நீட்டினார். ரென்னருடையதைவிட நீளமான கோல் அது. கனடாவுக்கு வெள்ளி கிடைத்தது, நார்வே நான்காம் இடத்துக்குப் போனது. கனடாவிலிருந்து அவருக்கு டன் கணக்கில் மேப்பிள் பாகு போய்ச் சேர்ந்தது. அன்று ரென்னரோடு ஓடியவர் பெக்கி ஸ்காட். 2014 சோச்சியில், முறிந்த சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு வந்த ரஷ்யாவின் அன்டோன் கஃபரோவுக்கு ஓடிப்போய் மண்டியிட்டு மாற்றுப் பலகையை மாட்டிவிட்ட கனடா பயிற்சியாளர் ஜஸ்டின் வாட்ஸ்வொர்த், அந்த ஸ்காட்டின் கணவர். இதையெல்லாம் ஏமாளித்தனம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் பள்ளியில் படித்தபோது எங்கள் வாலிபால் அணியோடு மோத வேண்டிய பக்கத்து ஊர் அணி, பேருந்து பழுதாகி வழியில் நின்றுவிட்டது. நேரம் கடந்ததும் நடுவர் எங்களுக்கு வாக்ஓவர் கொடுக்க வந்தார். எங்கள் பி.டி. வாத்தியார் அதை வாங்க மறுத்து, அவர்கள் வந்து சேரும்வரை எங்களை வெயிலில் உட்கார வைத்தார். அவர்கள் வந்தார்கள், நன்றாக ஆடி வென்றார்கள். வீட்டுக்கு வந்த கோப்பையைத் திருப்பி அனுப்பிய மனிதர் என்று ஊரில் வெகுநாள் அவரை ஏசினார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. எங்களிடம் மட்டும், அந்த ஊர்ப் பையன் போட்ட சர்வீஸைப் பார்த்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே நான் பாப்ஸ்லெட் என்னும் பனித்தட வண்டிப் பந்தயத்தில் ஓட்டிய இத்தாலியர் யூஜீனியோ மோன்டியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தாலியின் கோர்ட்டினாவில் அவர் பெயரைத் தாங்கிய பழைய பாப்ஸ்லெட் தடம் இருந்த இடத்தில்தான் 2026 ஒலிம்பிக்கிற்காகப் புதிய தடம் கட்டினார்கள். 1964இல் இன்ஸ்பிரக்கில், இருவர் பாப்ஸ்லெட் போட்டியில், பிரிட்டனின் டோனி நாஷ், ராபின் டிக்சன் இருவரின் வண்டியில் பின் அச்சின் போல்ட் முறிந்தது. மோன்டி தன் வண்டியின் போல்ட்டைக் கழற்றிக் கொடுத்தனுப்பினார். தங்கம் பிரிட்டனுக்குப் போனது; இரண்டாவதாக வந்த மற்றோர் இத்தாலிய இணைக்கும் அவர்களுக்கும் 0.12 விநாடிதான் வித்தியாசம். மோன்டிக்கு வெண்கலம். நால்வர் போட்டியில் கனடாவின் வண்டி பழுதானபோதும் அவர் உதவினார். அங்கும் கனடாவுக்குத் தங்கம், அவருக்கு வெண்கலம். சொந்த நாட்டுப் பத்திரிகைகள் அவரைச் சாடின. நான் போல்ட் கொடுத்ததால் நாஷ் வெல்லவில்லை, வேகமாக ஓட்டியதால் வென்றார் என்பதே அவர் சொன்ன பதில். தன் உதவியை நடுவில் வைக்காமல், வென்றவனின் திறமையை அதற்குரிய இடத்தில் வைத்த பதில் அது. உங்கள் கடிதத்தில் நான் தேடிக் கிடைக்காமல் போனதும் இதுதான்.

1968இல் கிரெனோபிளில் தன் 40ஆம் வயதில் மோன்டி இரண்டு தங்கமும் வென்றார். இருவர் போட்டியில் அவருடைய வண்டியும் மேற்கு ஜெர்மனியின் வண்டியும் மொத்த நேரத்தில் விநாடியின் நூற்றில் ஒரு பங்குகூட வேறுபடாமல் சமமாக நின்றன. தனி ஓட்டங்களில் மிக வேகமான ஒன்று யாருடையது என்று பார்த்து அவருக்குக் கொடுத்தார்கள். மகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது, கொடுத்ததற்குக் கூலியாகத் தங்கம் வந்தது என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். போல்ட்டைக் கழற்றிய அன்று மோன்டிக்கு வயது 36, பல முறை உலகச் சாம்பியன், ஆனால் அவரிடம் ஓர் ஒலிம்பிக் தங்கம்கூட இல்லை.